ஆரம்ப சூரத்தனமும் 21 நாள் கணக்கும்

"இந்த வருஷத்திலிருந்து நான் வேற ஆள்" என்று ஜனவரி முதல் தேதி சபதம் எடுக்காதவர்கள் குறைவு. ஐந்து மணிக்கு எழுவது, வாக்கிங், சர்க்கரை போடாத காபி, தினமும் இருபது பக்கம் வாசிப்பு, கோபத்தைக் குறைப்பது என எல்லாம் ஒரே மூச்சில் பட்டியலில் ஏறும். பொங்கல் வருவதற்குள் பட்டியலையே காணோம். இதற்கெல்லாம் மனவுறுதி போதாது என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். கணக்குத் தப்பு என்பது என் கட்சி.

முதல் தப்பு அந்தப் பட்டியலின் நீளம். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் தன்னைத் திருத்திக்கொள்ள 13 குணங்களைப் பட்டியல் போட்டவர்தான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் கவனம் சிதறும் என்று, வாரத்துக்கு ஒரு குணமாக எடுத்துக்கொண்டார். அப்படியும் பொருளை அதனதன் இடத்திலும் வேலையை அதனதன் நேரத்திலும் வைக்கும் 'ஒழுங்கு' அவருக்குக் கடைசிவரை சரியாகக் கைவரவில்லை.

அடுத்தது 21 நாள் கணக்கு. மூன்று வாரம் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யூடியூபில் சொல்லாத ஆளில்லை. இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடமிருந்து கிளம்பியது. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். தன் நோயாளிகளைப் பார்த்து அவர் சொன்னது அது. சோதனை எதுவும் நடத்தவில்லை. வாய்வழியாகப் பரவியதில் 'குறைந்தது' என்பது உதிர்ந்துபோய், கண்ணாடியில் மூக்கைப் பார்த்துப் பழகுவதும் விடிகாலையில் ஓடப் பழகுவதும் ஒன்றாகிவிட்டன.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு இதை அளந்தே பார்த்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரே ஒரு பழக்கம், 12 வாரம். 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதுபோல அன்றாடம் நடக்கிற ஒன்றோடு அதை முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர ஆன காலம் நடுவாந்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. இன்னொரு கோடியில் 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. 22ஆம் நாள் போர்வையை விலக்க மனமில்லாமல் "நமக்கெல்லாம் இது வராது" என்று முடிவுகட்டுபவர் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார்.

ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெடுவதில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. நம் வழக்கமோ வேறு. ஊரில் கல்யாணம், இரண்டு நாள் வாக்கிங் கிடையாது. உடனே "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து பார்த்துக்கலாம்". இரண்டு நாள் இருபது நாளாவது இப்படித்தான். தொடர்ச்சியை எண்ணிக்காட்டும் ஆப்கள் வேறு! நாற்பது திடீரென்று பூஜ்ஜியமாவதைப் பார்த்தால் யாருக்கும் வெறுத்துப்போகும். அதை அணைத்துவிட்டு, மாதத்தில் மொத்தம் எத்தனை நாள் என்று தினசரி காலண்டரில் குறித்துக்கொள்வதே மேல்.

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிடைக்காது. டிபன் முடிந்ததும், பஸ் ஏறியதும் என்று இடம் பார்த்துப் பொருத்திவிட வேண்டும்.

ஜிம்மில் சேர்ந்த அன்றே ஸ்டேட்டஸ் போடுவதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தங்கள் இலக்கை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்த மாணவர்கள், அப்படிக் கவனிக்கப்படாதவர்களைவிட அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பாராட்டு கையில் கிடைத்ததுமே பாதி சாதித்த திருப்தி வந்துவிடுகிறது. அக்காவோ ஆபீஸ் நண்பரோ, "இன்னைக்குப் போனியா?" என்று நச்சரிக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்லிவைக்கலாம். ஸ்டேட்டஸ் போட்டே தீர வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்துப் போடுங்கள்.