லிஃப்ட் போட்ட பிறகு ஷாஃப்ட் அதிர்கிறதா? கோணத்தை அளந்து சரிசெய்யும் முறை

என் வண்டிக்கு 3 அங்குல லிஃப்ட் (பாடியை உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட்) போட்டு முதல் முறை எடுத்துப் போனபோது 70 கி.மீ. வேகம் வரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. கியர் லீவரில் விரலை வைத்தால் மொபைல் வைப்ரேட் ஆவது போல இருந்தது. அதைச் சரிசெய்ய நான் செய்த முதல் வேலை அதிர்வை இன்னும் கூட்டிவிட்டது. அந்த இடத்தில் நீங்களும் சறுக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அதிர்வு எங்கிருந்து வருகிறது?

அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருள விடுங்கள். அப்போதும் இருந்தால் இன்ஜின் காரணமில்லை. மிச்சம் டயரும், ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்டும்தான். இரண்டையும் பிரிப்பது சுலபம். 31 அங்குல டயர் 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 9 முறை சுற்றும். ஆக்சில் விகிதம் 4.10 (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும்) என்றால் ஷாஃப்ட் சுமார் 37 முறை சுற்றும். கோணம் தவறினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும், அதாவது வினாடிக்கு 74. டயர் கோளாறு ஸ்டீயரிங்கை மெதுவாக ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு ரீங்காரமாகக் கேட்கும்.

இன்னும் சந்தேகம் என்றால், பார்ட்-டைம் 4x4 வண்டியில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இயங்கும் வகை) பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரங்களை மட்டும் இயக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: ஷாஃப்ட் இல்லாதபோது கியரோ பார்க்கோ வண்டியை நம்பிக்கையாகப் பிடித்து வைக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள்.

கழற்றும் முன் குறி போடுங்கள்

ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவை வடிவ யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஸ்ப்ளைன் (பல் வெட்டிய, நீண்டு சுருங்கும் இணைப்பு) உருவிக்கொண்டு வந்து, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் அதுவே அதிர்வு தரும். வெள்ளை பெயிண்ட் பேனாவால் இரு பக்கமும் ஒரு கோடு போதும். அப்படியே, யோக்குகளை இணைக்கும் மடங்கும் மூட்டான யூ-ஜாயிண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிது லூஸ் இருந்தாலும் மாற்றிவிட்டு மேலே தொடருங்கள். தேய்ந்த ஜாயிண்டை வைத்துக்கொண்டு கோணம் பார்ப்பது வீண்.

உங்களுடையது எந்த ஷாஃப்ட்?

நான் தவறிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். யூ-ஜாயிண்ட் மடங்கியபடி சுழலும்போது அதில் சுழற்சியை வாங்கும் பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் உள்ள சாதாரண ஷாஃப்டில், இரண்டும் சம அளவு மடங்கியிருந்தால் ஒன்றின் உதறலை மற்றது அடக்கிவிடும். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெளி முனையும், ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் கியர் தண்டான பினியனும் இணையாக இருக்க வேண்டும்.

மேல் முனையில் இரண்டு ஜாயிண்டுகள் ஒட்டி அமைந்த டபுள் கார்டன் ஷாஃப்டில் கதையே வேறு. மேலே உள்ள ஜோடி தன் உதறலைத் தானே அடக்கிக்கொள்ளும். கீழே உள்ள ஒற்றை ஜாயிண்டுக்குத் துணை கிடையாது. எனவே பினியன் ஷாஃப்டை நோக்கி ஏறக்குறைய நேராகப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இருந்தது இந்த வகை. நானோ 'இணையாக வை' என்ற விதியைப் பிடித்துக்கொண்டு பினியனைக் கீழே இறக்கினேன்.

அளவு எடுப்பது

சமதரையில், நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கில் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு உதவாது. காந்தம் உள்ள டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வாங்கிவிடுங்கள். மொபைலைச் சாய்த்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை, அதன் ஓரம் வளைந்திருக்கும். பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு யோக்கின் கடைந்த முகத்தில் வையுங்கள்.

என் அளவுகள்: லிஃப்டுக்கு முன் ஷாஃப்டும் பினியனும் கிடைமட்டத்திலிருந்து 8 டிகிரி. லிஃப்டுக்குப் பின் ஷாஃப்ட் 13, பினியன் அதே 8. வித்தியாசம் 5. நான் பினியனை 3-க்கு இறக்கியதும் அது 10-ஐயும் தாண்டியது. அதிர்வு கூடியதில் வியப்பே இல்லை.

ஆப்பு வைப்பது

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கி பினியன் மூக்கு சற்று மேலே எழும். அதனால் நிற்கும்போது ஷாஃப்டைவிட 1 அல்லது 2 டிகிரி கீழே இருக்கட்டும். ஜாயிண்டில் கோணம் அறவே இல்லாமல் போனாலும் நல்லதல்ல. ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் பதிந்துவிடும்.

கணக்குப்படி பினியன் எனக்கு 12 டிகிரியில் வேண்டும், அதாவது பழைய 8-லிருந்து உயர்த்த 4 டிகிரி ஆப்பு (ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே வைக்கும் சரிவான தகடு). ஆனால் பினியன் மூக்கு ஆக்சிலிலிருந்து ஒரு சாண் முன்னால் நீண்டிருக்கிறது. அது எழும்போது ஷாஃப்டின் கீழ் முனையையும் தூக்கும், ஷாஃப்டின் சாய்வு குறையும். 3 டிகிரி ஆப்பு வைத்தேன். பினியன் 11, ஷாஃப்ட் 12. அதிர்வு நின்றது.

ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருந்தால், பினியனை உயர்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் போகும். ஸ்பிரிங் கீழே இருந்தால் முன்னால். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கி விரிசல் விடும். இரும்பே வாங்குங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும், நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முடுக்குங்கள். காயில் ஸ்பிரிங் வண்டிக்கு ஆப்பு கிடையாது, ஆக்சிலைப் பிடித்திருக்கும், நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம் வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கும் கிட் மலிவானதுதான், ஆனால் லிஃப்டில் கிடைத்த அடியிடைவெளியில் கொஞ்சத்தை அது தின்றுவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பின்சேர்க்கை: இதே முறையில் முன் ஆக்சிலின் பினியனையும் உயர்த்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். முன் ஆக்சிலைத் திருப்பினால் கேஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்பக்கச் சாய்வு) சேர்ந்து குறையும், வண்டி நேராகப் போகாமல் அலையும். அங்கே முதலில் கேஸ்டரைச் சரியாக வையுங்கள், பினியன் அதற்கு அடுத்துதான்.

இன்னொருவருக்கு வண்டி நகரத் தொடங்கும்போது மட்டும் உதறல், வேகத்தில் இல்லை. அவருடையது இரண்டு துண்டு ஷாஃப்ட். அந்த வகையில் ஆப்பைத் தொடும் முன், ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்கின் பிராக்கெட்டைப் பாருங்கள். லிஃப்டுக்குப் பிறகு அதற்கும் சேசிஸுக்கும் இடையே ஸ்பேசர் வைத்துச் சற்று இறக்க வேண்டியிருக்கும். அவர் அதைச் செய்த பிறகு உதறல் போய்விட்டதாக எழுதியிருக்கிறார்.