என்பிடெல் சான்றிதழ் எங்கே கைநழுவுகிறது

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்களை, மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பாடத்தில் சேர்வது ஒன்று, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறொன்று. சேர்ந்துவிட்டோம், தேர்வு தானாக வரும் என்று இருந்துவிட்டால் பதிவுத் தேதி தாண்டிப் போய்விடும். பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். கல்லூரி மெயில் ஒன்றுக்கு, சொந்த மெயில் இன்னொன்றுக்கு என்று கொடுத்தால், வாரந்தோறும் செய்து அனுப்பும் அசைன்மென்ட்களின் மதிப்பெண் தேர்வோடு சேராது.

அதிகம் பேர் சறுக்குவது அசைன்மென்ட் கணக்கில்தான். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டையும் தனித்தனியே தாண்டினால்தான் சான்றிதழ். தேர்வில் 72 எடுத்தவருக்கும் அசைன்மென்ட் 9-இல் நின்றால் எதுவும் கிடைக்காது; கூட்டினால் 81 வருகிறதே என்பது அங்கே செல்லாது.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரியை எடுக்கிறார்கள். நீங்கள் மூன்றே மூன்று அனுப்பி, மூன்றிலும் 100 வாங்கினாலும் 300-ஐ 8-ஆல்தான் வகுப்பார்கள். 37.5 வரும், 25-க்கு மாற்றினால் 9.375. மயிரிழையில் போச்சு. நான்கில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தால் 12.5 ஆகியிருக்கும். அதனால் ஆரம்ப வாரங்களை ஒருபோதும் விடாதீர்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கும் கடைசி வாரங்களில் எப்படியும் ஒன்றிரண்டு தவறும். அந்த இடைவெளிக்குத்தான் 12-இல் 4 விட்டுவைத்திருக்கிறார்கள்.

விடை உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்து, கடைசி நாள் இரவு அனுப்பப் பார்ப்பதும் வீண் பயம். கெடு முடியும்வரை எத்தனை முறையும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. முதல் நாளே தெரிந்தவரை போட்டு ஒருமுறை அனுப்பிவிடுங்கள். வீடியோ பார்த்தபின் திருத்திக்கொள்ளலாம்.

பழைய பருவத்து வீடியோக்கள் யூடியூபில் அப்படியே கிடக்கின்றன. படிக்க அருமையானவை, ஆனால் முடிந்துபோன பருவத்துக்கு இப்போது தேர்வு கிடையாது. அதே பாடம் இந்த ஜனவரியிலோ ஜூலையிலோ மறுபடி வருகிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

கிரெடிட்டுக்காக, அதாவது தங்கள் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்ப்பதற்காக, படிப்பவர்கள் தேர்வு முடிந்தபின் துறைத் தலைவரைத் தேடிப் போவது காலம் கடந்த வேலை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்க 2021-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். பாடத்தின் பெயர், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பாடம் தொடங்குமுன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.