சேற்றில் இறங்கும் நாயகிக்கு உடை வரைவது எப்படி

காமிக்ஸ் நாயகிக்கு உடை வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தையும் மார்புச் சின்னத்தையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகே அந்த உடைக்குள் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்தேன். டெல்டாவில் நடக்கும் கதை ஒன்றுக்காக, முழங்கால் வரை பூட்ஸும் தோளிலிருந்து தொங்கித் தரையைத் தொடும் மேலங்கியும் அணிந்த நாயகியை வரைந்து, நடவு முடித்து வரப்பில் உட்கார்ந்திருந்த அத்தை ஒருவரிடம் காட்டினேன். "இந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு சேத்துல எறங்குனா, பூட்ஸு அங்கேயே கெடக்கும், காலுதான் மேல வரும் தம்பி" என்றார். அன்று முதல் எந்த நாயகியையும் பாதத்திலிருந்தே வரையத் தொடங்குகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பென்சிலை எடுப்பதற்கு முன்பு மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: அவள் என்ன வேலை செய்கிறாள், எந்த மண்ணில் நிற்கிறாள், அந்த உடை அவளுக்கு யாரிடமிருந்து கிடைத்தது. எடுத்துக்காட்டாக, வெண்ணாற்றங்கரையில் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஒருவரின் மகளை வைத்துக்கொள்வோம். ஓடும் நீரைத் தொட்டால், அது வந்த வழி முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுடைய ஆற்றல். இதை எழுதிய உடனேயே உடையில் பாதி முடிவாகிவிடுகிறது. நீரைத் தொட வேண்டியவளுக்குக் கையுறை கூடாது, பூட்ஸும் கூடாது. வெறுங்கால் அவள் வேலைக்கும் வசதி, அவள் யாரென்பதற்கும் அடையாளம்.

பெரிய பதிப்பகங்களின் நாயகிகளிடமும் இதையே காணலாம். மார்வெல் காமிக்ஸின் கரோல் டான்வர்ஸ் விமானப்படையில் விமானியாக இருந்தவள். ஆனாலும் நீண்ட காலம் நீச்சலுடை போன்ற கறுப்பு உடையிலேயே வரையப்பட்டாள். 2012இல் கேப்டன் மார்வெலாக அவளை மாற்றியபோது, ஓவியர் ஜேமி மெக்கெல்வி விமானியின் உடுப்பை நினைவூட்டும் முழு உடையை வடிவமைத்தார். அவளுடைய தொழில் அப்போதுதான் அவள் உடம்பில் தெரிந்தது. 2014இல் தனித்தொடராக வந்த மிஸ் மார்வெல், அதாவது முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணான கமலா கான், வீட்டிலிருந்த புர்கினியிலிருந்து (உடலை முழுவதும் மறைக்கும் நீச்சலுடை) தன் உடையைத் தானே உருவாக்கிக்கொள்கிறாள். அந்த உடையையும் கழுத்தில் தொங்கும் சிவப்புத் துணியையும் பார்க்கும்போது அவள் வளர்ந்த வீடும் சேர்ந்தே தெரிகிறது.

நம் நாயகிக்கு மேற்சட்டையாக அவளுடைய அப்பாவின் காக்கிச் சட்டையைக் கொடுங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிவதை இங்கே எல்லா வயலிலும் பார்க்கலாம். வெயிலுக்கும் நெற்பயிரின் சுணைக்கும் அதைவிட நல்ல கவசம் இல்லை. சட்டை அப்பாவுடையது என்பதை வசனத்தில் சொல்லாமல் கோட்டில் சொல்ல வேண்டும். தோள் தையல் தோள்பட்டையைத் தாண்டி இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கட்டும். கையை மூன்று மடிப்பு மடித்து முழங்கைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மடிப்பின் உட்புறத் துணி வெளுக்காமல் கருத்த காக்கியாகவே இருக்க வேண்டும். கீழே, முழங்காலுக்கு அடியில் முடிகிற மாதிரி தார்பாய்ச்சிக் கட்டிய துணி போதும். குந்தி உட்காரவும் வாய்க்காலைத் தாண்டவும் அது இடம்தரும்.

வெற்றுடம்பை வரைந்து அதன்மேல் வண்ணம் பூசினால் உடையாகிவிடாது. அக்குள், முழங்கை, இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய நான்கு இடங்களிலும் துணி எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கண்ணாடி முன் நின்று பார்த்து வரையுங்கள். மார்பின் வடிவத்தை அப்படியே வார்த்த இரும்புக் கவசத்தை நான் ஒருபோதும் வரைய மாட்டேன். அது விழும் அடியை நெஞ்செலும்பின் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

துணியின் வகையையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், உலரவும் நேரமாகும். டெரிகாட்டன் சீக்கிரம் உலரும். எனவே ஆற்றிலிருந்து ஏறி வருகிற காட்சியில் சட்டை உடம்பை விட்டு விலகத் தொடங்கியிருந்தாலும், பருத்திக் கீழ்க்கட்டு இன்னும் தொடையோடு ஒட்டி, நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மேலங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அசையாத படத்தில் வேகத்தையும் திசையையும் காட்டுவதற்கு ஓவியர்களுக்கு அது உதவுகிறது. அதனாலேயே அதை விட மனம் வருவதில்லை. விரித்துவிட்ட கூந்தலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மதகின் பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவள் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. கூந்தலைக் கொண்டையாக்கி, அதன்மேல் ஒரு துண்டை முண்டாசாகக் கட்டி, முனையை மட்டும் ஒரு முழம் தொங்கவிடுங்கள். ஓடும்போது அந்த முனை பறக்கும், சிக்கினால் துண்டு அவிழ்ந்து போகும், அவளுக்கு ஒன்றும் ஆகாது. 2014இல் டிசி காமிக்ஸின் நாயகி பேட்கேர்லின் மேலங்கியை அழுத்து பொத்தான்களால் இணைத்ததும் கழன்று வர வேண்டும் என்பதற்காகத்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை நேரில் கண்டவர்களுக்கு, காற்று துணியை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

மதகின் ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடியை இடுப்பில் வலப்புறம் செருகட்டும். சில்லறைப் பொருட்களுக்குச் சுருக்குப் பை உண்டு.

வண்ணத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். குறுவையோ சம்பாவோ வளர்ந்து நிற்கும் வயலில் பச்சை உடை காணாமல் போகும். அறுவடைக்குப் பின் வெறும் காக்கியும் வைக்கோலோடு கலந்துவிடும். ஆகவே முண்டாசும் கீழ்க்கட்டும் அரக்குச் சிவப்பாக இருக்கட்டும். இரண்டு பருவத்திலும் கண் அவளைத் தேட வேண்டியிராது. சின்னம் வேண்டுமென்றால், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிவதை ஒரு கோட்டிலிருந்து விரியும் நான்கு கோடுகளாகச் சட்டைப்பைமேல் தையலாகப் போடலாம். கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினாலும் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு அவளைக் குந்தியபடியும், இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடியும், நனைந்து ஓடுகிறபடியும் வரைந்து, மூன்றையும் முழுக் கறுப்பால் நிரப்புங்கள். நிழலை மட்டும் பார்த்து இவள்தான் என்று சொல்ல முடியவில்லையென்றால் முண்டாசின் அளவையும் சட்டையின் தொளதொளப்பையும் கூட்டுங்கள். படத்தை உள்ளூர்த் தையல்காரர் ஒருவரிடமும் காட்டுங்கள். பொத்தான் எங்கே, யார் உதவியும் இல்லாமல் எப்படிப் போடுவாள் என்று அவர் கேட்கும் கேள்விகள் ஓவியர்களுக்கு எளிதில் தோன்றுவதில்லை.

இறுதியாக முன்புறம், பின்புறம், பக்கவாட்டு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, உலர்ந்த நிலை, நனைந்த நிலை, சேறு படிந்த நிலை என்று தனித்தனியே வண்ணமிட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இடது முழங்கையில் சட்டை கிழிந்தால் அதையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் அத்தியாயம் முதல் அந்த இடத்தில் அம்மா வேறு நிற நூலால் போட்ட ஒட்டு இருக்க வேண்டும்.