துர்துக் போகிறவர்கள் போடும் தப்புக் கணக்கு

லடாக்கின் வடக்கே, இந்திய-பாகிஸ்தான் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் துர்துக் என்ற ஊருக்கு ஆட்களை அழைத்துப் போவது என் வேலை. ஸ்வெட்டரை மறப்பது, சார்ஜரை விட்டுவிட்டு வருவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. விமானம் வந்திறங்கும் லே நகரின் கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும். ஊர் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கிளம்புவதுதான் வம்பு. ஆரம்பத்தில் நான் செய்ததையே புதிதாக வருகிறவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள்.

"துர்துக், லேயைவிடத் தாழ்வுதானே?"

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கணக்கு என்னவோ சரிதான். லே சுமார் 3,500 மீட்டர், துர்துக் சுமார் 3,000. அப்புறம் எதற்கு லேயில் ரெண்டு நாள் வெட்டியாகப் படுத்துக்கிடக்க வேண்டும், விமானத்தில் இறங்கிய மறுநாளே கிளம்பிவிடலாமே என்பார்கள்.

நடுவில் கர்துங் லா கணவாய் இருக்கிறது. 5,359 மீட்டர். லேயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் அவ்வளவு ஏற்றமும் முடிந்துவிடும். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான்; மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதான், உயரத்துக்குப் பழகாத உடம்பு தாங்காது.

ஒருமுறை ஒரு குடும்பம் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தது. கணவாயில் வண்டி நின்றதும் பையன் படம் எடுக்க மேட்டில் ஓடி ஏறினான். திரும்பி வந்து வண்டிக் கதவைப் பிடித்தபடி வாந்தி எடுத்தான். உதடு வெளிறியிருந்தது. ஓட்டுநர் உடனே லே பக்கம் வண்டியைத் திருப்பப் பார்த்தார். அப்பாவோ, "அந்தப் பக்கமும் இறக்கம்தானே, போயிடலாம்" என்றார். அறை வாடகை கட்டியாயிற்றாம்!

இறக்கம்தான். ஆனால் பெரிய மருத்துவமனை லேயில். ஷியோக் ஆற்றோடு கீழே போனால் பாகிஸ்தான் பிடியில் இருக்கும் பால்டிஸ்தான். அந்த வழி மூடிக் கிடக்கிறது. லேக்குத் திரும்ப கர்துங் லாவை விட்டால் வாரி லா, இல்லையென்றால் சாங் லா. மூன்றுமே 5,000 மீட்டருக்கு மேல். கிணற்றுக்குள் இறங்கின மாதிரிதான், ஏறாமல் வெளியே வர முடியாது. நடுவில் பனி கொட்டிப் பாதை மூடினால் அதுவும் போச்சு. வண்டியைத் திருப்பினோம். லேயில் ஆக்சிஜன் ஏற்றினார்கள், பையன் தேறினான். அறைப் பணமும் போயிற்று, ஊரையும் பார்க்கவில்லை.

விமானத்தில் வந்தால் லேயில் இரண்டு முழு நாள் ஓய்வு. உயரத்தைத் தாங்க மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கையில் ஆக்சிஜன் டப்பா இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம்.

ஹுண்டரிலிருந்து போய் அன்றே திரும்புவது

ஹுண்டர், லேயிலிருந்து வரும் வழியில் இருக்கும் ஊர். அங்கிருந்து துர்துக் சுமார் 80 கிலோமீட்டர், மலைச்சாலை. வண்டி கீழே சாலையோரம் நின்றுவிடும். ஊர் மேலே, ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பகல் பயணிகள் டீக்கடை வரை வந்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று போய்விடுவார்கள். மேலே ஏறினால்தான் வயல்கள். உயரம் குறைவு என்பதால் இங்கே வருடத்துக்கு இரண்டு போகம்: வாற்கோதுமை அறுத்த நிலத்திலேயே பக்வீட் என்ற தானியத்தை விதைக்கிறார்கள். பாறை இடுக்கிலிருந்து குளிர்காற்று வரும் இடங்களில் கல் அறை கட்டி, வெண்ணெயையும் இறைச்சியையும் கோடையில் கெடாமல் வைக்கிறார்கள். வாசலில் கை நீட்டினாலே சில்லென்று இருக்கும். இதற்கு மின்சாரம் எதுவும் கிடையாது.

ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

"நீங்க பாகிஸ்தானா, இந்தியாவா?"

டீ கொடுத்தவரிடம் இப்படிக் கேட்கிறார்கள். 1971 டிசம்பர் போரில் இந்தியாவின் கைக்கு வந்த ஊர் இது. பால்டி மக்கள்; பல வீடுகளுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

படம்

ராணுவ முகாம், பாலம், சோதனைச்சாவடி: கேமராவை உள்ளே வையுங்கள்.

சிம்

வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது.

ரொக்கம்

லேயிலேயே எடுத்துவிடுங்கள்.