வெஸ்னாத்: கணினியை வென்றவர் மனிதரோடு ஆடும் முதல் ஆட்டம்

கணினியை எதிர்த்து ஆடி ஜெயித்துப் பழகியவர்கள் மனிதரோடு ஆடும் முதல் ஆட்டத்தில் சீக்கிரமே தோற்றுப்போவது வழக்கம். விதிகள் தெரியாததால் அல்ல. அடிக்க ஆள் கிடைத்தால் கணினி பெரும்பாலும் பாய்ந்துவிடும், நாம் நல்ல இடத்தில் நின்றுகொண்டு வாங்கிக் கட்டிக்கொள்ள விடலாம். மனிதர் அப்படிப் பாய மாட்டார். காத்திருப்பார், பின்வாங்குவார், நாம் அவசரப்படும் டர்னைப் பார்த்து மொத்தமாக இறங்குவார். எனவே இந்த விளக்கம் முழுக்க ஒரே பழக்கத்தைச் சுற்றித்தான் போகும்: உங்கள் டர்னை முடிப்பதற்கு முன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்ப்பது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. டேவிட் வைட் தொடங்கி 2003-இல் வெளிவந்த திறமூல விளையாட்டு. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஸ்டீமிலும் கிடைக்கும். அறுகோணக் கட்டங்கள், ஆளுக்கொரு டர்ன், எதிரியின் தலைவரைக் கொன்றால் வெற்றி. கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

படி 1: ஆட்டத்தை அமைப்பது

முதலில் பதிப்பைப் பாருங்கள். இருவரிடமும் ஒரே வரிசைப் பதிப்பு இருக்க வேண்டும், 1.16 வைத்திருப்பவரும் 1.18 வைத்திருப்பவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. நடு எண் இரட்டைப்படையாக இருந்தால் அது நிலையான பதிப்பு. அதையே எடுங்கள்.

மல்டிபிளேயருக்குள் போய் அதிகாரபூர்வ சர்வரில் ஒரு பெயர் கொடுத்தால், ஆட்டக்காரர்கள் கூடும் இடமான லாபி திறக்கும். பக்கத்திலேயே நண்பர் இருந்தால் ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்தும் ஆடலாம், அதற்கு லோக்கல் ஆட்டம். புதிய ஆட்டம் உருவாக்கும்போது இரண்டு பேருக்கான மேப் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'தி ஃப்ரீலேண்ட்ஸ்' நல்ல தொடக்கம். தங்கம், கிராம வருமானம் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். நேரக் கட்டுப்பாடு மட்டும் வேண்டாம், அல்லது தாராளமாக வையுங்கள். ஆட்டத்தின் பெயரிலேயே 'புதியவர்' என்று போட்டுவிட்டால் பெரிய ஆட்டக்காரர்கள் வந்து மிதிப்பது குறையும். முழுக்கத் தவிர்க்க முடியாது.

அடுத்து அணி. இருக்கும் அணிகளில் நான் புதியவருக்குச் சொல்வது நார்தர்னர்ஸ், அதாவது ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்கர்களின் அணி. பலரும் மனிதர்களின் அணியான லாயலிஸ்ட்ஸைச் சொல்வார்கள். எல்லா வேலைக்கும் ஒரு ஆள் இருக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அதுவே புதியவரைக் குழப்பும். ஓர்க் அணியின் அடிப்படை வீரர் கிரன்ட், விலை 12 தங்கம்தான். ஒருவர் செத்தால் ஆட்டம் முடிந்துவிடாது. முக்கியமாக, அந்த அணியில் ஏறக்குறைய எல்லோருமே இரவில் வலுப்பெறுபவர்கள். எப்போது போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது உங்களுக்குப் பளிச்சென்று தெரியும்.

படி 2: முதல் டர்ன், கிராமங்கள், காசு

தலைவர் கோட்டையின் மையக் கட்டத்தில் நின்றால்தான் ஆள் எடுக்க முடியும். சுற்றியுள்ள கோட்டைக் கட்டங்களில் அவர்கள் வந்து நிற்பார்கள். யாரை எந்தக் கட்டத்தில் இறக்குகிறீர்கள் என்பதிலேயே ஒரு டர்ன் லாபமோ நஷ்டமோ ஆகும். எனவே ஆள் எடுக்கும் முன்பே உங்கள் பக்கத்துக் கிராமங்களை எண்ணி, எதற்கு யார் போவது என்று முடிவு செய்துவிடுங்கள். தூரத்துக் கிராமத்துக்கு ஓநாய் மேல் வரும் உல்ஃப் ரைடர் ஒருவர், முன்வரிசைக்குக் கிரன்ட்டுகள், ஒரு ட்ரோல் வெல்ப் (இளம் பூதம்), நஞ்சு வீச ஒரு அசாசின். இது போதும்.

கிராமத்தை ஒருமுறை மிதித்தாலே அது உங்களுடையது. எதிரி வந்து மிதிக்கும் வரை உங்களுக்கே வருமானம் தரும், அங்கே காவல் வைக்கத் தேவையில்லை.

கணக்கு இப்படி: டர்னுக்கு 2 தங்கம் எப்படியும் வரும். வழக்கமான மல்டிபிளேயர் அமைப்பில் ஒவ்வொரு கிராமமும் 2 தரும். ஒவ்வொரு யூனிட்டும் (வீரரும்) தன் நிலை (லெவல்) எவ்வளவோ அவ்வளவு தங்கம் சம்பளம் கேட்கும், ஆனால் ஒரு கிராமம் ஒரு நிலைக்கான சம்பளத்தை ஏற்றுக்கொள்ளும். தலைவருக்குச் சம்பளம் இல்லை. 8 கிராமமும் முதல் நிலை வீரர்கள் 8 பேரும் இருந்தால் டர்னுக்கு 18 வரும். ஆட்கள் 10 ஆனால் 16. இப்போது அதே 10 பேரோடு ஒரு கிராமத்தை இழக்கிறீர்கள் என்று வையுங்கள்: வருமானத்தில் 2 போகும், சம்பளத்தில் 1 கூடும், ஆக 13. எதிரிக்கோ அந்தக் கிராமம் கூடுதல். ஒற்றை ரைடர் பின்பக்கமாக நுழைந்து இரண்டு கிராமத்தைத் தட்டிப்போனால் மனித ஆட்டக்காரர் ஏன் சிரிக்கிறார் என்பது புரியும்.

படி 3: எண்களைப் படிப்பது

கிரன்ட்டின் வாள் 9-2. அதாவது ஒரு வெட்டுக்கு 9 சேதம், இரண்டு வெட்டு. வெட்டு விழுமா விழாதா என்பதைப் பெரும்பாலும் அடி வாங்குபவர் நிற்கும் நிலம் முடிவு செய்யும், அடிப்பவரின் திறமை அல்ல. இதைப் புதியவர்கள் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சாதாரண மனித வீரர், ஈட்டிக்கார ஸ்பியர்மேன் என்று வைத்துக்கொள்வோம், புல்வெளியில் நின்றால் தற்காப்பு 40%. கிராமத்திலோ கோட்டையிலோ மலையிலோ 60%. ஆழமில்லாத நீரிலும் சதுப்பிலும் வெறும் 20%. புல்வெளியில் நிற்பவரை உங்கள் கிரன்ட் வெட்டினால் இரண்டும் விழ 36%, ஒன்று மட்டும் விழ 48%, இரண்டுமே தவற 16%. அதே ஆள் கிராமத்துக்குள் இருந்தால் இரண்டும் விழ 16%, இரண்டும் தவற 36%. ஒரு கட்டம் தள்ளி நின்றதற்கே இவ்வளவு வித்தியாசம்.

அதிர்ஷ்டம் சரியில்லை என்று சாட்டில் புலம்புவது இந்த விளையாட்டின் தேசிய கீதம். ஆறில் ஒரு முறைக்கு நெருக்கமாக நடக்கக்கூடிய ஒன்று நடந்துவிட்டால் அது அநியாயம் அல்ல. தாக்கும் பெட்டியிலேயே சேதக் கணக்கைக் காட்டும் பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள். இரண்டு வெட்டும் தவறினாலும் சமாளிக்க முடிகிற தாக்குதலைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

திருப்பி வரும் அடியையும் பாருங்கள். ஸ்பியர்மேனின் ஈட்டி 7-3, அதோடு நீங்கள் தாக்கினாலும் அவரே முதல் குத்து குத்துவார். கிரன்ட்டிடம் தூரத்து ஆயுதமே இல்லை, அதனால் வில்லாளி அவரைச் சும்மா நின்று அடிப்பார். எதிரியிடம் இல்லாத வகை ஆயுதத்தால் அடிப்பதே பாதி ஆட்டம்.

படி 4: பகலும் இரவும்

இங்கேதான் மனிதரும் கணினியும் பிரிகிறார்கள். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு நாள் என்பது ஆறு டர்ன்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். ஸ்பியர்மேன் போன்ற ஒழுங்குப் பக்கத்து ('லாஃபுல்') வீரர்களுக்குப் பகலின் இரண்டு டர்னில் 25% கூடுதல் பலம், இரவின் இரண்டு டர்னில் 25% குறைவு. ஓர்க்குகளுக்கு நேர்மாறு. விடியலும் அந்தியும் இருவருக்கும் சமம். பகலில் கூகையைக் காக்கை விரட்டும், இருட்டினால் ஆட்டம் மாறும் என்பது தெரிந்ததுதானே.

எண்ணில் பாருங்கள். பகலில் கிரன்ட்டின் 9 என்பது 7 ஆகிறது, ஸ்பியர்மேனின் 7 என்பது 9 ஆகிறது. எல்லா அடியும் விழுந்தால் நீங்கள் 14 சேதம் தருவீர்கள், அவர் 27 தருவார். இரவில் கிரன்ட்டுக்கு 11, ஸ்பியர்மேனுக்கு 5. இப்போது நீங்கள் 22, அவர் 15. அதே இரண்டு பேர், அதே கட்டங்கள்.

ஆக, லாயலிஸ்ட்ஸோடு மோதும் ஓர்க் அணிக்கு அட்டவணை தெளிவு. பகலில் பின்னால் இருங்கள், கிராமங்களில் காயத்தை ஆற்றுங்கள். பிற்பகலில் நெருங்க ஆரம்பித்து, அந்தியில் தொடும் தூரத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டு சாமமும் உங்களுடையவை. இரண்டாம் சாமத்திலேயே திரும்பும் கணக்கைப் போட வேண்டும்: இந்த டர்னில் கொல்ல முடியாத ஆளை ஆழமாகத் துரத்திப் போனால், விடிந்ததும் அவர் கோட்டைக்குப் பக்கத்தில் காயத்தோடு நிற்பவர் நீங்கள்தான். விடியலில் எல்லோரையும் இழுத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் ஒரே ஒரு அடி' என்று காலையில் நிற்பவர்கள் பிற்பகலில் படையில்லாமல் நிற்பார்கள்.

நீங்கள் பின்வாங்கினால் அவர் முன்னேறுவார், நாலைந்து கட்டத்தை விட்டுக்கொடுக்க நேரும். கொடுங்கள். ஒரு கிராமம் இரண்டு டர்னுக்குப் போவது பெரிதல்ல, மூன்று கிரன்ட் போவதுதான் பெரிது. எதிரியும் உங்களைப் போலவே இரவுப் படை என்றால் நேரம் யாருக்கும் சாதகமில்லை. அப்போது நிலமும் வரிசையும்தான் பேசும்.

படி 5: வரிசை

முதல் நிலையும் அதற்கு மேலும் உள்ள எந்த யூனிட்டும் தன்னைச் சுற்றிய ஆறு கட்டத்தையும் கட்டுப்படுத்தும். எதிரி அதில் கால் வைத்தால் அந்த டர்னில் அவருடைய நடை முடிந்தது. எனவே இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் வேலிதான், ஒரே டர்னில் யாரும் ஊடுருவ முடியாது. சில யூனிட்டுகள் இதற்கு விதிவிலக்கு. எதிரணியில் அப்படி யார் இருக்கிறார் என்று உதவிப் பக்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோளோடு தோள் நேர்வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவரை முன்னாலிருந்து இரண்டு பேர்தான் அடிக்க முடியும். தனியாக முன்னே நிற்பவரை ஆறு பேர். மனித எதிரி தேடுவது அந்தத் தனி ஆளைத்தான். வரிசையின் இரு முனைகளிலும் நல்ல நிலத்தில் உறுதியான ஆளை நிறுத்துங்கள்; தானே காயம் ஆறும் ட்ரோல் வெல்ப் அதற்குப் பொருத்தம்.

இதையே திருப்பிப் போட்டால் பொறி. எதிரியின் ஒரு வீரருக்கு நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் உங்கள் ஆள் இருவர் நின்றால் போதும், அவரால் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாது. அடித்துக் கொல்ல முடியாவிட்டாலும் அடுத்த டர்னுக்கு அவர் அங்கேதான் இருப்பார்.

படி 6: அவர் என்ன எடுக்கிறார்?

முதல் மோதலுக்குப் பிறகு உங்களிடம் மறுபடி காசு சேரும். அப்போது பழக்கத்தில் அதே ஆட்களை எடுக்காதீர்கள். அவர் எலும்புக்கூடுகளாக இறக்குகிறார் என்றால் வாளும் ஈட்டியும் அவற்றிடம் பெரிதாகச் செல்லாது. நசுக்கும் ஆயுதமும் தீயும் செல்லும். வெல்ப்பின் கைமுட்டியும் ஓர்க் வில்லாளியின் தீ அம்பும் அதற்குத்தான். ஓநாய் ரைடரை உயிரோடு வைத்திருப்பதே இதை எட்டிப் பார்க்கத்தான், அவரைச் சண்டையில் வீணாக்காதீர்கள்.

அசாசினின் நஞ்சு டர்னுக்கு 8 உயிர்ப்புள்ளியைத் தின்னும், ஆனால் கொல்லாது, 1-இல் நின்றுவிடும். கிராமத்துக்குப் போனால் முதல் டர்னில் நஞ்சு மட்டும் நீங்கும், காயம் ஆறுவது அதற்கு அடுத்த டர்னிலிருந்துதான். போக, ஆற, வர என்று ஒரு ஆள் பல டர்னுக்குக் களத்தில் இல்லை. அதனால் நஞ்சை ஒரே ஆள் மீது மறுபடி மறுபடி வீசாமல் வேறு வேறு ஆட்களுக்குப் பங்கு போடுங்கள்.

எதிரி தன் காயம்பட்ட ஆள் ஒருவரை முன்னே விட்டுவைத்திருந்தால் உடனே கை வைக்க வேண்டாம். கணினி விட்டால் அது கவனக்குறைவு. மனிதர் விட்டால், அந்த ஆளைக் கொல்ல நீங்கள் எந்தக் கட்டத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் அது தண்ணீராகவோ சதுப்பாகவோ இருக்கும்.

படி 7: டர்னை முடிக்கும் முன்

கண்ட்ரோலும் வி-யும் சேர்த்து அழுத்தினால் எதிரி எங்கெல்லாம் வர முடியும் என்று மேப்பில் காட்டும். மூடுபனிக்குள், அதாவது உங்கள் ஆட்களின் பார்வைக்கு எட்டாத கட்டங்களில், இருப்பவர்களைக் காட்டாது, அதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு முன்வரிசை ஆளுக்கும் கேளுங்கள்: இவரை எத்தனை கட்டத்திலிருந்து அடிக்கலாம், அடுத்து பகலா இரவா, இவர் செத்தால் அந்த ஓட்டை வழியாக யார் நுழைவார்? கடைசியாகத் தலைவர். அவர் சண்டையில் கை கொடுக்கலாம், ஆனால் ஆள் எடுக்கக் காசு சேரும் டர்னில் கோட்டைக்குத் திரும்பியிருக்க வேண்டும், எதிரி மூன்று பேர் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது.

டர்னுக்குள் எதை முதலில் செய்வது என்ற வரிசையும் முக்கியம். முடிவைப் பொறுத்து மற்றதெல்லாம் மாறக்கூடிய தாக்குதலை முதலில் செய்யுங்கள், நகர்த்தாத ஆட்களைக் கையில் வைத்திருங்கள். தவறாக நகர்த்திவிட்டால் 'யு' அழுத்தித் திரும்பப் பெறலாம், ஆனால் மூடுபனி விலகியிருந்தாலோ அடி விழுந்திருந்தாலோ முடியாது.

படி 8: முடிந்த பிறகு

ஆரம்பத்தில் ஒரு வணக்கம், முடிவில் ஒரு நன்றி. தலைவர் மட்டும் மிச்சம் என்ற நிலை வந்தால் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம், இழுத்தடிக்க வேண்டாம். சொல்லாமல் கழன்றுகொள்வதுதான் மரியாதைக் குறைவு. 'எந்த டர்னில் என் ஆட்டம் சரிந்தது?' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் மனமுவந்து சொல்வார்கள்.

அப்புறம் ரீப்ளேயைத் திறங்கள். மூடுபனி இல்லாமல் எதிரியின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். முழுவதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை: ஒவ்வொரு அந்தியிலும் ஒவ்வொரு விடியலிலும் நிறுத்தி, இருவர் படையும் எங்கே நின்றது, யாரிடம் எத்தனை கிராமம் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேரமிருந்தால் அதே மேப்பில் அணிகளை மாற்றிக்கொண்டு உடனே இன்னொன்று ஆடுங்கள்.