அடுப்படி மொசைக்: பெயர்ந்ததை மறுபடி ஒட்டிய விதம்

அடுப்புக்குப் பின்னால் கண்ணாடி மொசைக் (சின்னச் சின்ன வில்லைகள் சேர்ந்த ஷீட்) ஷீட் ஷீட்டாகக் கழன்று வந்தால், முதலில் பெயர்ந்த துண்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பசையோடு புட்டியும் பெயிண்டும் சேர்ந்து வந்திருந்தால் குற்றம் பசையில் இல்லை; பெயிண்ட் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான். சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, உளியால் லேசாகக் கொத்தி, தூசியைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்.

எட்டடி நீளம், மேடைக்கு மேல் இரண்டடி உயரம் என்றால் 16 சதுர அடி. ஓரடி ஷீட் 18 வாங்கினால் வெட்டுச் சேதாரத்துக்கும் சரியாக இருக்கும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். சாம்பல் பசை நிறத்தை மங்கடிக்கும். பல் கரண்டியால் (ஓரத்தில் பல் வெட்டிய பூச்சுக் கரண்டி) இழுத்த வரிகளைத் தட்டைப் பக்கத்தால் நீவிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வழியே அந்த வரி தெரியும். பசை கூடினால் இடுக்கில் பிதுங்கி, அதை நிரப்பும் கலவையான கிரவுட்டுக்கு இடமிருக்காது. இரண்டு ஷீட்டுக்கு நடுவே விடும் இடைவெளி, ஷீட்டுக்குள் வில்லைகளுக்கு நடுவே இருக்கும் அதே அளவுதான். கொஞ்சம் பிசகினாலும் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொடுக்கும்.

24 மணி நேரம் காயட்டும். சிமெண்ட் கிரவுட் தாளிப்பு எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துவிடும். விலை கூடினாலும் எப்பாக்ஸி கிரவுட்தான் (இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) என் கட்சி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், மேலே படிந்ததை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். இறுகினால் பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டியதுதான்.

மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், விரிசல் விடும். அங்கே 3 மி.மீ. விட்டு சிலிகான் அடைத்துவிடுங்கள்.