தோப்பின் கடைசி மரம்வரை அடிக்கும் டார்ச்: பார்த்து வாங்குவது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டார்ச் வாங்கினேன். பெட்டியின் மேல் ‘90,000 லூமென், 5 கி.மீ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சுவரில் அடித்துக் காட்டினார். கண் கூசியது. பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். அன்று ராத்திரியே தென்னந்தோப்பில் அடித்துப் பார்த்தால், காலடியெல்லாம் பகல் மாதிரி இருக்கிறது, ஆறாவது மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேலியோரம் தென்னம்பிள்ளையைத் தோண்டிக்கொண்டிருந்தது காட்டுப்பன்றியா, பக்கத்துத் தோட்டத்து நாயா என்று தெரியாமலேயே திரும்பி வந்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 லூமென் வேண்டுமென்றால் 900 வாட் ஆகும். நம் வீட்டு மிக்ஸியே 750 வாட்தான். மிக்ஸியைவிட அதிகம் தின்னும் ஒரு சாமானை உள்ளங்கையில் பிடித்து, ஒற்றை பேட்டரியில் ஓட்டுவதாகத்தான் அந்தப் பெட்டி சொல்கிறது. கூடவே போட்டிருந்த 5 கி.மீ. என்ன கணக்கு என்பதைக் கீழே பார்க்கலாம்.

படி 1: தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு டேப்பே வேண்டாம். 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் பத்து இடைவெளிக்கு 250 அடி, அதாவது சுமார் 75 மீட்டர். மரத்தை எண்ணினால் போதும். மற்றவர்களுக்கு வேறொரு கணக்கு: ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர், ஐந்து ஏக்கர் என்றால் 142 மீட்டர்.

எனக்குத் தேவைப்பட்டது மோட்டார் ரூம் வாசலிலிருந்து பின்வேலிவரை, 100 மீட்டர் சொச்சம். பெரும்பாலான தோட்டக்காரர்களுக்கு 150 மீட்டருக்கு மேல் தேவையே இருக்காது. ஒரு கிலோமீட்டர் அடிக்கிற டார்ச் வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவ்வளவு தூரத்தில் இருப்பதை வெறும் கண்ணால் பார்த்து என்ன ஏது என்று சொல்ல முடியாது, பைனாகுலர் வேண்டியிருக்கும்.

படி 2: லூமெனை விட்டுவிட்டு கேண்டெலாவைத் தேடுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே பாதி ஏமாற்றம் தப்பும்.

டார்ச்சிலிருந்து மொத்தமாக வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு லூமென். அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு திரண்டு போகிறது என்பது கேண்டெலா. செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எட்டிப் பீய்ச்சும். மோட்டார் அதே மோட்டார்தான், தொட்டி நிரம்பும் நேரமும் குறையப்போவதில்லை. நான் வாங்கிய டார்ச் அடைக்காத ஹோஸ். கடைச் சுவர் பத்தடி தூரத்தில் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

ஒழுங்கான கம்பெனிகள் ‘ஆன்சி எஃப்.எல் 1’ என்ற அளவுமுறைப்படி சோதித்து, லூமென், கேண்டெலா, தூரம் மூன்றையும் போடுவார்கள். ஃபெனிக்ஸ், நைட்கோர் போன்றவர்களின் விவரப் பட்டியலில் இதைப் பார்க்கலாம். அந்த முறையில் ‘தூரம்’ என்றால், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் (ஓர் இடத்தின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ்). அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், மீட்டர் வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400, 90,000-க்கு 600. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். இதே கணக்கில் 5 கி.மீ. என்றால் 62 லட்சத்து 50 ஆயிரம் கேண்டெலா. பெட்டியில் அந்த எண்ணே இல்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் பன்றி தெரியுமா? திறந்த வயலில் அசைந்தால் தெரியலாம், மர நிழலில் தெரியாது. அதனால் பட்டியலில் உள்ள தூரத்தை நான்கால் வகுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் 4 லக்ஸ் விழும், உருவமும் நிறமும் பிடிபடும். 100 மீட்டர் தெளிவாகத் தெரிய 400 மீட்டர் டார்ச், அதாவது 40,000 கேண்டெலா. 150 மீட்டருக்கு 90,000. ஐந்து ஏக்கர்காரர் இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை.

படி 3: தலையைப் பாருங்கள்

கேண்டெலா போடாத டார்ச்சை எப்படி எடைபோடுவது? அதன் தலை அகலத்தை வைத்துத்தான். ஒரே எல்.இ.டி.யை இரண்டு மடங்கு அகலமான ரிஃப்ளெக்டரில், அதாவது வெளிச்சத்தைக் குவிக்கும் பளபளப்பான கிண்ணத்தில் பொருத்தினால், கேண்டெலா ஏறக்குறைய நான்கு மடங்காகும், தூரம் இரண்டு மடங்காகும். என் தாத்தாவின் அஞ்சு கட்டை டார்ச்சுக்குத் தலை மட்டும் ஏன் அவ்வளவு அகலம் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். விஷயம் இதுதான். விரல் தடிமனில் இருக்கும் டார்ச் ஒரு கிலோமீட்டர் அடிக்கும் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்து, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் ஒற்றை எல்.இ.டி. இருக்க வேண்டும். மேலே குமிழ் இல்லாத, சிறிய தட்டையான மஞ்சள் சதுரமாக இருந்தால் நல்லது. சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் இறுக்கமாகக் குவிக்க முடியும். சுற்றியுள்ள கிண்ணம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வழவழப்பாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பானது வெளிச்சத்தைச் சற்றுப் பரப்பும். சின்னச் சின்னக் குழிகளில் ஏழெட்டு எல்.இ.டி. இருப்பது கல்யாணப் பந்தலுக்கு ஆகும், தோப்புக்கு ஆகாது.

தலையை முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் டார்ச் மலிவாகக் கிடைக்கிறது. முழுதாக இழுத்தால் தூரத்தில் ஒரு சதுரம் விழும், அது அந்த எல்.இ.டி.யின் பிம்பமேதான். தூரம் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிக் குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு உள்ளேயே வீணாகிறது, நகரும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலடி இருட்டாகிவிடுகிறது. ராத்திரி வரப்பில் நடக்கிறவனுக்குத் தூரத்துப் பன்றியைவிடக் கிட்டத்துப் பாம்பு முக்கியம். ரிஃப்ளெக்டர் டார்ச்சில் நடுக்கற்றையைச் சுற்றி மங்கலான வட்டம் ஒன்று விழும், அது காலடியைக் காட்டும். நான் அதோடு தலையில் கட்டும் சின்ன லைட் ஒன்றும் வைத்திருக்கிறேன். நடக்க அது, பார்க்க இது.

படி 4: பேட்டரி

கட்டை பேட்டரி போட்ட காலம் போய், இப்போது லித்தியம் செல்தான். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21-க்கு 70. இரண்டில் 21700 இருக்கும் டார்ச்சை எடுங்கள். நல்ல 18650 செல் ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணியோடு நின்றுவிடும், 21700 சாதாரணமாக 5,000 தரும். 18650 செல்லின் மேல் ‘9,900’ என்று அச்சிட்டிருந்தால் அது செல்லைப் பற்றிய தகவல் இல்லை, விற்பவரைப் பற்றிய தகவல்.

5,000 செல்லில் சுமார் 18 வாட் மணி இருக்கிறது. 1,000 லூமெனுக்கு 10 வாட் என்றால், வீணாவதைக் கழித்து ஒன்றரை மணி நேரம். இதைவிட ரொம்ப நேரம் எரியும் என்று போட்டிருந்தால், சில நிமிடங்களில் சூடேறி வெளிச்சம் தானாகக் குறைகிறது என்று அர்த்தம். இது ஏமாற்று வேலை இல்லை. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகும்வரை ஓடுகிற நேரத்தைத்தான் எஃப்.எல் 1 முறையே கணக்கில் எடுக்கிறது. அதனால் உச்ச வெளிச்சத்தைப் பார்த்து மயங்காமல், பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். நல்ல கம்பெனிகள் வரைபடமே போடுவார்கள்.

செல்லைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் செல் சோர்ந்துபோகும், அதற்காக டார்ச்சையே தூக்கிப் போட வேண்டியதில்லை. கழற்றிய செல்லைச் சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் மட்டும் போடாதீர்கள், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். டைப்-சி சார்ஜிங் இருந்தால், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறுகிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். மலிவான டார்ச் பலவற்றில் ஏறாது, பழைய அகலமான முனை உள்ள கேபிள்தான் வேண்டியிருக்கும்.

படி 5: சின்ன விஷயங்கள்

ஐ.பி.எக்ஸ் 7 என்று இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வாய்க்காலில் விழுந்தாலும் கவலை இல்லை. நிறத்தில் 5,000 கெல்வின் பக்கம் எடுங்கள். 6,500-இன் நீல வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் காய்ந்த மட்டைக் குவியலுக்கும் பன்றியின் முதுகுக்கும் வித்தியாசம் காட்டாது. மார்கழிப் பனியில் எந்த டார்ச்சும் கொஞ்சம் திணறும், கற்றைதான் வெள்ளைத் திரையாகத் தெரியும். கண் மட்டத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் பரவாயில்லை.

ரோட்டில் வரும் வண்டி மீதோ ஆட்கள் கண்ணிலோ அடிக்க வேண்டாம். மலையடிவாரத் தோட்டம் என்றால் இன்னொன்று: யானை நிற்பது தெரிந்தால் டார்ச்சை நேராக அதன் முகத்தில் அடிக்காதீர்கள், சத்தம் காட்டாமல் திரும்பி வந்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

படி 6: வாங்கியதும் நீங்களே அளந்து பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இது. ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். இருட்டியதும் போனை ஒரு சுவரில் சாய்த்து வைத்து, சரியாக 10 மீட்டர் தள்ளி நின்று, முன்பக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் மேல் கற்றையின் நடுப்பகுதி விழும்படி அடியுங்கள். போட்டவுடன் படிக்காமல், அரை நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். அதோடு இரண்டு சைபர் சேர்த்தால் கேண்டெலா. 400 லக்ஸ் காட்டினால் 40,000. போன் சென்சார் ஆய்வகக் கருவி இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருப்பதில் பாதிகூட வரவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

என் 90,000 லூமென் டார்ச் 28 லக்ஸ் காட்டியது. 2,800 கேண்டெலா, 106 மீட்டர். நான்கால் வகுத்தால் 26 மீட்டர்தான் தெளிவு, அதற்கு மேல் வெறும் நிழல். ஆறாவது மரத்தோடு எல்லாம் முடிந்துபோனதில் ஆச்சரியமில்லை. இந்தச் சோதனையைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். நான் செய்தபோது கெடு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த டார்ச் இப்போது மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது. கன்று போடும் ராத்திரிகளில் அதைப்போல வெளிச்சம் கிடையாது.